மழைக்காலத்தில் மேயும் வீட்டுக்கோழிகள்: அறிகுறியை வைத்துக் கோளாறு கண்டறியும் முறை

புறக்கடையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழிகளை வைத்திருப்பவர்களுக்கு, வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் தினமும் காலையில் எழும் கேள்வி, இன்று கூண்டைத் திறப்பதா வேண்டாமா என்பதுதான். இறகு முழுதாக முளைத்த கோழிக்கு ஒரு தூறல் பெரிய விஷயமே இல்லை. வாலின் அடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகெல்லாம் தடவிக்கொள்வதால், மேலே விழும் துளி பெரும்பாலும் வழிந்து போய்விடும். மழையில் நனைந்து செத்த பெரிய கோழியைவிட, மழைக்குப் பயந்து ஈரக் கூண்டுக்குள் நாள்கணக்கில் அடைபட்டு நோயில் விழுந்த கோழிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகையால் கோழியிடம் ஏதேனும் மாற்றம் தெரிந்தால், ஈரம் எந்த வழியாக வந்தது என்று தேட வேண்டும்: தரையா, கூண்டுக்குள் பரப்பிய உமியா, தீவனமா, தேங்கிய தண்ணீரா. கீழே உள்ளவை அந்தத் தேடலுக்கான வழிமுறைகள்.

பொதுவான விதி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் தாண்டிய கோழிகளைத் தூறலிலும் விட்டுவிட்டு வரும் மழையிலும் திறந்துவிடலாம். ஒதுங்கி நிற்க ஒரு தாழ்வாரமோ, நான்கு குச்சி நட்டு மேலே தகரமோ கீற்றோ போட்ட இடமோ இருக்க வேண்டும். காற்றோடு கூடிய கனமழையிலும், தரையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போதும் திறக்கக் கூடாது. மணற்பாங்கான நிலத்தில் மழை விட்ட சிறிது நேரத்திலேயே திறந்துவிட முடியும். டெல்டாவின் களிமண் பூமியில் அது முடியாது. அங்கே கோழிகள் நிற்கும் இடத்தை மட்டுமாவது ஆற்று மணலோ செங்கல் தூளோ கொட்டி அரையடி உயர்த்திக்கொள்வது நல்லது.

மழை விட்ட பிறகும் கோழி இறகை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிறது

நனைந்த கோழி சற்று நேரம் உப்பிக்கொண்டு நிற்பது இயல்பு. பிறகு உதறி, கோதி, மேய்ச்சலுக்குப் போய்விடும். மழை நின்று ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் கண்ணை மூடியபடி நின்றால் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மார்பு இறகுகளை விரலால் விலக்கித் தோலைத் தொட்டால் இரண்டு நிலைகளில் ஒன்று தெரியும். தோல் உலர்ந்து சூடாக இருந்தால் நனைந்தது காரணமல்ல. நோய் உள்ளே இருக்கிறது, அடுத்த பகுதிகளுக்குச் செல்லவும். உள்ளிறகு தோலோடு ஒட்டி ஈரமாக இருந்தால், கோழியின் உடல் வெப்பம் குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கோழியின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத் தெரிய வேண்டும். பாதமும் கொண்டையும் மட்டும் குளிர்ந்திருப்பதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

பழைய பருத்தித் துணியால் இறகின் போக்கிலேயே ஒற்றி எடுத்து, காற்றுப் படாத இடத்தில் உலர்ந்த வைக்கோல் மேல் விட்டு, மேலே பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் சிறிது வெல்லம் கரைத்து வைக்கலாம். இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் கோழிகளும், பட்டு இறகுக் கோழி போன்ற அலங்கார வகைகளும் மிக விரைவில் தோல்வரை நனைந்துவிடும். அவற்றைத் தூறலிலும் வெளியே விடாமல் இருப்பதே சரி.

தாயோடு போன குஞ்சுகள் நனைந்து துவண்டு கிடக்கின்றன

இங்கே தாமதம் கூடாது. குஞ்சின் மேலுள்ள பூம்பஞ்சு நீரைத் தடுக்காது. அது நனைந்தால் குஞ்சு தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுற்றுப்புறம் 35 டிகிரி அளவில் இருக்க வேண்டும். அதன்பின் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து வரலாம். கார்த்திகை மாதத்து மழைநாளில் வெளிவெப்பம் 24, 25 டிகிரி என்று நிற்கும்போது, ஈரக் குஞ்சு எத்தனை நேரம் தாங்கும் என்பதைக் கணக்குப் போட வேண்டியதில்லை.

துவண்ட குஞ்சின் வாயில் உடனே தண்ணீரோ தீவனமோ ஊட்டக் கூடாது. விழுங்கும் வலு இல்லாததால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். முதலில் துடைக்கவும். பிறகு அட்டைப்பெட்டியில் உலர்ந்த துணி விரித்து, ஒன்றரை அடி உயரத்தில் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு அதன் கீழே விடவும். எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிர இந்த வேலைக்கான சூட்டைத் தராது. குண்டு பல்பு இப்போது கடைகளில் அரிதாகி வருவதால், கிடைக்கும்போதே இரண்டு வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மின்சாரம் இல்லாத நேரத்தில், வெந்நீர் ஊற்றி இறுக மூடிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைக்கலாம். குஞ்சு எழுந்து நின்று கத்தத் தொடங்கிய பிறகு வெல்லத் தண்ணீரைத் தட்டில் வைத்தால் போதும். ஐந்தாறு வாரத்தில் இறகு மூடும் வரை, மழை நாள்களில் தாயையும் குஞ்சுகளையும் சேர்த்தே பஞ்சாரத்துக்குள் வைத்திருக்க வேண்டும். தாய்க்கோழி மேய்ச்சல் ஆர்வத்தில் குஞ்சுகளை ஈரப்புல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும். குஞ்சுகளை நனைப்பது பல நேரம் மழையல்ல, மழைக்குப் பின் நிற்கும் அந்தப் புல்தான்.

எச்சம் மாறியிருக்கிறது

மழைக்காலத்தில் கழிச்சலைக் கண்டதும் ‘வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது’ என்று முடிவு கட்டுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோய் எந்தக் காலத்திலும் வரக்கூடியதே என்றாலும் கோடையை ஒட்டியே அதிகம் தலைகாட்டுகிறது. மழைக்காலக் கழிச்சலுக்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு. எனவே காலையில் கோழி அடையும் இடத்துக்குக் கீழே குனிந்து, எச்சத்தை ஒரு குச்சியால் கிளறிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

பழுப்பு நிறத்தில் உருண்டையாக இருந்து, மேலே வெண்மையான படிவு இருந்தால் அது நல்ல எச்சம். எட்டுப் பத்து முறைக்கு ஒரு முறை பசைபோன்று கரும்பழுப்பாக, நாற்றத்துடன் வருவதும் நோயல்ல. அது பெருங்குடலின் முட்டுப்பைகளிலிருந்து வருவது. வெறும் நீராக இருந்து, கோழி சுறுசுறுப்பாகவும் கொண்டை சிவப்பாகவும் இருந்தால், இளம்புல்லும் மண்புழுவும் அதிகம் தின்றதன் விளைவாக இருக்கலாம். காலையில் திறந்துவிடும் முன் உலர்ந்த கம்போ சோளமோ ஒரு கைப்பிடி போட்டு அனுப்பினால் ஓரிரு நாளில் சரியாகும்.

எச்சத்தில் இரத்தமோ, சிவந்த சளிபோன்ற பொருளோ இருந்து, அதுவும் மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இளங்குஞ்சுகளிடம் கண்டால், அது இரத்தக்கழிச்சல். மழைக்காலத்துக்கே உரிய நோய் இது என்று சொல்லலாம். ஐமீரியா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியேறும்போது தொற்றும் நிலையில் இருப்பதில்லை. வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் அந்த நிலையை அடைகின்றன. உலர்ந்த கூண்டில் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. இதற்குப் பினாயில் ஊற்றிக் கழுவுவது வீண்வேலை. அந்த முட்டைகளின் ஓட்டைச் சாதாரணக் கிருமிநாசினிகள் துளைப்பதில்லை, கழுவிய ஈரம் நோய்க்கு உதவியாகவே முடியும். செய்ய வேண்டியது, ஈர உமியை வாரி எடுத்து அகற்றிவிட்டுப் புது உமி போடுவதும், தண்ணீர்த் தட்டை எச்சம் விழாத உயரத்தில் வைப்பதும், கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் ஆம்ப்ரோலியம் மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுப்பதுமாகும். ‘சோர்ந்திருக்கிறதே’ என்று அதே நாள்களில் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கும் கலந்து கொடுப்பவர்கள் பலர். ஆம்ப்ரோலியம், வைட்டமின் பி1 போல வேடமிட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் மருந்து. உண்மையான பி1-ஐ நாமே ஊற்றிக் கொடுத்தால் மருந்தின் வலு குறையும். டானிக்கை மருந்து முடிந்த பிறகு கொடுக்கலாம்.

எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் பீச்சியடித்து, கோழி வாயைத் திறந்து மூச்சுவிட்டு, இறக்கையைத் தொங்கவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சாகத் தொடங்கினால் அப்போது வெள்ளைக்கழிச்சலைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குச் சிகிச்சை இல்லை. நலமாக உள்ளவற்றைப் பிரித்து வைத்துவிட்டு, கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும். செத்த கோழியை வாய்க்காலில் எறிவதுதான் நோயை ஊர்முழுக்கக் கொண்டு சேர்க்கும் வேலை. தண்ணீர் ஊறாத மேட்டில் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்புத்தூள் தூவிப் புதைக்கவும். திடீரென்று பல கோழிகள் ஒரே நாளில் செத்தால் அவற்றை அறுக்கவோ இறகு பிடுங்கவோ கூடாது. தடுப்பூசி என்பது மழை தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டிய காரியம்: முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலின் கீழ் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி வாக்கில் நடத்தும் இருவார முகாமில் பெரிய கோழிகளுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரவில் கரகரவென்று சத்தம், தும்மல், மூக்கில் நீர்

கோழிகள் அடைந்து ஒரு மணி நேரம் கழித்து, விளக்குப் போடாமல் கூண்டருகே நின்று காது கொடுத்தால், பகலில் தெரியாத சளிச் சத்தம் கேட்கும். ஒன்றிரண்டு தும்மல் மட்டும் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கூண்டின் காற்றை. விடியற்காலையில் தார்ப்பாயை விலக்கும் முன், குனிந்து முகத்தைக் கோழி நிற்கும் உயரத்துக்குக் கொண்டு போய் மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்கில் நெடி ஏறிக் கண் எரிந்தால், ஈர உமியில் எச்சம் அழுகி அமோனியா கிளம்புகிறது; நாம் நின்ற உயரத்தில் அது தெரியாது, கோழியோ இரவு முழுவதும் அதையே சுவாசிக்கிறது. மூச்சுப்பாதை இப்படிப் புண்பட்ட பிறகே சளிக் கிருமிகள் எளிதாகப் பற்றுகின்றன.

உமியின் ஈரத்தை அறியக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கைப்பிடி அள்ளி இறுகப் பிடித்துக் கையைத் திறக்க வேண்டும். பிடித்த உருண்டை மெல்ல விரிந்து உதிர்ந்தால் சரியான பதம். கொழுக்கட்டை போல அப்படியே நின்றால் ஈரம் மிகுதி. பிடிபடாமல் தூசியாகப் பறந்தால் மிகவும் காய்ந்துவிட்டது. ஈரமானால் கட்டி பிடித்த பகுதியை எடுத்துவிட்டு, மீதியைக் கிளறி, சிறிது நீற்றுச் சுண்ணாம்பைத் தூவிப் புது உமியை மேலே பரப்ப வேண்டும். அதைவிட முக்கியம், ஈரம் எங்கிருந்து வருகிறது என்பது. கூரையிலிருந்து ஒழுகுகிறதா, தண்ணீர்த் தட்டைத் தட்டிவிடுகின்றனவா, சாரல் அடிக்கிறதா என்று மூன்றையும் பார்க்கவும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் பெரும்பாலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். ஆனிக்காற்றுக்காக மேற்கில் கட்டிய படுதாவை அப்படியே விட்டுவிட்டு ‘மறைப்புக் கட்டித்தானே இருக்கிறது’ என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தார்ப்பாயை வடக்கிலும் கிழக்கிலும் கட்டி, மேலே ஓரடி திறப்பு விட வேண்டும். நான்கு பக்கமும் இறுக மூடினால் சாரல் வராது, அமோனியாவும் வெளியே போகாது. கோணிச்சாக்கு நீரை உறிஞ்சி உள்பக்கம் சொட்டும் என்பதால் மறைப்புக்கு ஏற்றதல்ல.

மூச்சு இழுப்பு ஒரு வாரத்துக்கும் மேல் நீடித்தாலும், முகமும் கண்ணைச் சுற்றிய பகுதியும் வீங்கி மூக்கிலிருந்து கெட்ட நாற்றத்துடன் நீர் வடிந்தாலும் அது மருத்துவர் பார்க்க வேண்டிய சளிநோய். துளசி, கற்பூரவல்லி, தூதுவளை இலைகளை அரிந்து தீவனத்தில் கலப்பதில் தீங்கில்லை. ஆனால் முகம் வீங்கிய பிறகும் அதையே நம்பிக்கொண்டிருப்பது வீணான தாமதம். குஞ்சுகள் மட்டும் சத்தமில்லாமல் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால், கீழே விரித்த வைக்கோலைப் புரட்டிப் பார்க்கவும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலின் தூள் நுரையீரலில் இறங்குவதால் வரும் நோய் அது. மருந்தால் மீட்பது கடினம், வைக்கோலை மாற்றுவதே மற்றக் குஞ்சுகளைக் காக்கும்.

கழுத்து தொங்குகிறது அல்லது முறுக்கிக்கொள்கிறது

இரண்டும் வேறு. கழுத்து ஒரு பக்கமாகத் திருகி, தலை பின்னோக்கியோ மேல் நோக்கியோ போய், கோழி வட்டமிட்டால் அது வெள்ளைக்கழிச்சல் நரம்பைத் தாக்கியதன் அடையாளமாக இருக்கலாம். மாறாக, கழுத்து வலுவிழந்து கொடிபோல் தரையில் கிடந்து, காலும் இறக்கையும் தளர்ந்து, கழுத்து இறகு தொட்டவுடன் கையோடு வந்தால், அது அழுகிய பொருளைத் தின்றதால் வந்த நச்சு. மழைவெள்ளத்தில் செத்து ஒதுங்கிய எலியோ பெருச்சாளியோ புதரடியில் கிடக்கும். அதில் நெளியும் புழுக்களைக் கோழி ஆசையாகக் கொத்தும். அந்தப் புழுவின் உடலில் பொட்டுலினம் நச்சு இருக்கும். மற்றக் கோழிகளை உடனே அடைத்துவிட்டு, புறக்கடை முழுவதும் தேடி அந்தப் பிணத்தை எடுத்துப் புதைப்பதுதான் முதல் வேலை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் பரவும் காலம் இது.

காலையில் இரைப்பை காலியாகவில்லை

முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் நாளில் கோழிகள் அளவு தெரியாமல் தின்னும். அன்று மாலை இரைப்பை பெரிதாகத் தெரிவதில் கவலைப்பட ஒன்றுமில்லை. மறுநாள் காலை தீவனம் போடும் முன் கழுத்தடியில் தொட்டுப் பார்க்கும்போது அது காலியாக இருக்க வேண்டும். அப்போதும் இறுகிக் கிடந்தால், மழையில் தழைத்த நீளமான புல் உள்ளே சுருண்டு அடைத்திருக்கலாம். தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, சிறிது நல்லெண்ணெயை அலகில் மெல்ல விட்டு, இரைப்பையை விரல்களால் பதமாகப் பிசைந்துவிடலாம். தலைகீழாகப் பிடித்துக் கக்க வைப்பது ஆபத்து. கக்கிய நீர் மூச்சுக்குழாயில் போய் அங்கேயே உயிர் போகும்.

இரைப்பையில் அடைப்பில்லை, ஆனால் தீவனம் எடுக்காமல் பல நாளாக மெலிகிறது என்றால் தீவன மூட்டையைத் திறந்து முகர வேண்டும். ஈரம் ஏறிய மக்காச்சோளத்திலும் கடலைப்பிண்ணாக்கிலும் பிடிக்கும் பூஞ்சணம் அஃபிளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும். பூத்த தானியத்தை வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் பூஞ்சணம் சாகுமே தவிர நச்சு போகாது, ஆகவே விலையைப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி வைக்கவும்.

தீவனமும் நன்றாகவே இருந்தால் குடற்புழுவை நினைக்கலாம். மழையில் மேலே வரும் மண்புழுக்கள் சில வகைக் குடற்புழுக்களைக் கோழிக்குக் கொண்டு சேர்க்கின்றன. பருவமழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் மருத்துவரைக் கேட்டுப் பூச்சி மருந்து கொடுப்பது பயன் தரும்.

நொண்டுகிறது

பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். விரலிடுக்கில் காய்ந்த சேற்று உருண்டை என்றால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கரைக்கவும், பிய்க்க வேண்டாம். உள்ளங்காலில் வீக்கமும் நடுவே கருத்த பொருக்கும் இருந்தால், நாள்கணக்கில் ஈரத்தில் ஊறிய தோல் வெடித்துக் கிருமி புகுந்திருக்கிறது. உப்பு நீரில் ஊறவைத்து, துடைத்து, மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் போட்டு, உலர்ந்த இடத்தில் விடலாம்; பிளேடால் கீறிச் சீழ் எடுக்கும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது செதில் உண்ணி. வேப்பெண்ணெய் தடவி வர மறையும்.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம்

அம்மை. மழைக்குப் பின் பெருகும் கொசு இதைக் கோழிக்குக் கோழி கொண்டு போகிறது. தேங்காய்த் தொட்டி, பழைய டயர், உடைந்த சட்டி ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுவதே தடுப்பு. பொருக்கைப் பிய்க்காமல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டு வந்தால் மூன்று நான்கு வாரத்தில் உதிர்ந்துவிடும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் நிறப் படலம் தெரிந்தால் நிலைமை வேறு, அப்போது காத்திருக்கக் கூடாது.

மாலையில் கூண்டுக்கு வரவில்லை

கூண்டு ஒழுகினாலோ, உள்ளே பாம்போ கீரியோ வந்து போயிருந்தாலோ, கோழி மரத்தில் ஏறி அடையும். மழையில் பொந்துகள் நிரம்பும்போது பாம்பு உலர்ந்த இடம் தேடிக் கூண்டுக்கு வருவது சகஜம் என்பதால், டார்ச் அடித்துப் பார்க்காமல் உள்ளே கை விடாதீர்கள். நாட்டுக்கோழிக்குப் பிடித்த முருங்கை மரம் காற்றுக்கு முதலில் முறியும் மரமுமாக இருப்பது ஒரு சங்கடம். புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே, நன்றாக இருட்டிய பிறகு ஏணி வைத்து எடுத்துவிடலாம். இருளில் கோழிக்குக் கண் தெரியாததால் அதிகம் அடம் பிடிக்காது.

முட்டை குறைந்துவிட்டது, வருவதும் சேறாக இருக்கிறது

கார்த்திகை, மார்கழியில் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது, மேகமூட்டம் வேறு. முட்டையிடுவது பகல் வெளிச்சத்தின் அளவைச் சார்ந்தது என்பதால் இந்தக் குறைவு நோயல்ல. விளக்குப் போட்டு நேரத்தை நீட்டும் முறை பண்ணைக் கோழிக்குப் பொருந்தும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும் நாட்டுக்கோழிக்காக அந்த மின்கட்டணம் தேவையா என்பது என் சந்தேகம். அதற்கு முன் வைக்கோல்போர், விறகு அடுக்கு ஆகியவற்றின் சந்துகளைப் பாருங்கள், ஈரக் கூண்டை வெறுத்த கோழி அங்கே இட்டு வைத்திருக்கும்.

சேறு ஒட்டிய முட்டையைப் பச்சைத்தண்ணீரில் கழுவினால், ஓட்டின் நுண்துளைகள் வழியே அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும். உலர்ந்த துணியால் துடைத்து, சமையலுக்கு முதலில் எடுத்துக்கொள்ளலாம். அடை வைக்க அத்தகைய முட்டை உதவாது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்லிவரும் ஊரில், புரட்டாசிக் கடைசியில் அடை வைத்தால் 21 நாளில் பொரியும் குஞ்சு நேராக மழைக்குள்தான் கண் விழிக்கும். அடைக்கோழி அவசரப்பட்டாலும் மார்கழி பாதி கழியும் வரை பொறுத்திருந்து வைத்தால், தை மாத வெயிலில் குஞ்சுகள் இறங்கி மேயும்.